கொழும்பில் நாலு நாள் நிற்க ரூம் எங்கே எடுப்பது? மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கத்திலிருந்து போகிறவர்களுக்கான கேள்வி பதில்

தவணை விடுமுறை நெருங்கினால் செங்கலடியிலிருந்து திருக்கோவில் வரைக்கும் எங்கள் ஆட்கள் கேட்பது இதைத்தான்: பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு கொழும்புக்குப் போகிறோம், கையைக் கடிக்காத ரூம் எங்கே கிடைக்கும்? யார் யார் போகிறீர்கள், எத்தனை மணிக்குப் போய் இறங்குவீர்கள், எதையெல்லாம் பார்க்கப் போகிறீர்கள் என்று தெரியாமல் ஒரு லொட்ஜின் பெயரை மட்டும் சொல்லிவிட்டுப் போவதில் பிரயோசனமில்லை. அதனால் அடிக்கடி வருகிற கேள்விகளை எடுத்து ஒவ்வொன்றுக்கும் விவரமாகப் பதில் எழுதியிருக்கிறேன்.

முதலில் எதைப் பார்க்க வேண்டும், வாடகையையா இடத்தையா?

இடத்தை. வாடகை என்பது ரூமுக்குக் கொடுக்கிற காசு மட்டும்தான். அந்த ரூமிலிருந்து ஒவ்வொரு நாளும் வெளியே போய்த் திரும்பி வரவும் காசு போகிறது, அதை அனேகமானவர்கள் கணக்கில் சேர்ப்பதே இல்லை. ஒரு பேச்சுக்கு, உள்ளே தள்ளி இருக்கிற ரூம் 6,000 ரூபா, காலி வீதிக்குப் பக்கத்தில் இருக்கிற ரூம் 8,500 ரூபா என்று வைப்போம். ஐந்து பேர் கொண்ட குடும்பம் ஒரு ஓட்டோவில் போக முடியாது, இரண்டு பிடிக்க வேண்டும். ஒரு ஓட்டோவுக்கு 700 ரூபா என்று வைத்தாலும் போக இரண்டு, வர இரண்டு, ஒரு நாளைக்கு 2,800 ரூபா. ரூமில் மிச்சம் பிடித்த 2,500 ரூபாவையும் தாண்டிப் போய்விட்டது, இன்னும் ஒரு தேத்தண்ணி கூடக் குடிக்கவில்லை.

மறுகா, காசை விடப் பெரிய விஷயம் நேரம். கல்லடியிலிருந்து டவுனுக்குப் பத்து நிமிடத்தில் வந்து பழகிய எங்களுக்கு, கொழும்பில் அலுவலக நேரத்தில் ரோட்டில் நிற்கிற நிலைமை போய்ப் பார்த்தால்தான் விளங்கும். காலையில் பள்ளிக்கூடம், அலுவலகம் தொடங்குகிற நேரத்திலும் பின்னேரம் அவை விடுகிற நேரத்திலும் உள்ளே தள்ளியிருக்கிற ரூம் இன்னும் தூரமாகிவிடும். பக்கத்தில் ரூம் இருந்தால் மத்தியானம் வந்து குளித்து, பிள்ளைகளை ஒரு மணித்தியாலம் படுக்கவிட்டு, வெயில் தாழ்ந்ததும் திரும்ப வெளியே போகலாம். அந்த ஒரு வசதிக்காகவே கொஞ்சம் கூடக் கொடுக்கலாம் என்பது என் அபிப்பிராயம்.

செய்ய வேண்டியது இதுதான். கட்டாயம் பார்க்க நினைக்கிற மூன்று இடங்களை கூகுள் மேப்பில் குறித்துவிட்டு, அவற்றுக்கு ஒரே பஸ்ஸிலோ ஒரே ரயிலிலோ போகக்கூடிய இடத்தைத் தேடுங்கள். அதற்குப் பிறகு வாடகையைப் பாருங்கள்.

அப்படியென்றால் எந்தப் பகுதி நல்லது?

முதல் தடவை போகிற குடும்பத்துக்கு நான் தயங்காமல் சொல்வது வெள்ளவத்தை. அது கிடைக்காவிட்டால் பம்பலப்பிட்டி, அதுவும் சரிவராவிட்டால் தெஹிவளை. தமிழில் பேசி எல்லாம் செய்துகொள்ளலாம் என்பது ஒரு காரணம்தான், அதை விடப் பெரிய காரணம் ரோட்டும் ரயிலும். காலி வீதியும், மரைன் டிரைவும், கரையோர ரயில் பாதையும் அங்கே பக்கம் பக்கமாக ஓடுகின்றன. காலி வீதியில் 100, 101 பஸ்கள் வந்தபடியே இருக்கும், ஏறினால் பம்பலப்பிட்டி, கொள்ளுப்பிட்டி, காலி முகத்திடல் தாண்டி நேரே கோட்டைப் பக்கம் போய்ச் சேரலாம். ரயிலில் போனால் வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி, கொள்ளுப்பிட்டி, கொம்பனித் தெரு, கோட்டை என்று போகும், கொள்ளுப்பிட்டி தாண்டும் வரைக்கும் கடலைப் பார்த்துக்கொண்டே போகலாம். பிள்ளைகளுக்கு அந்தப் பயணமே ஒரு சுற்றுலாதான், டிக்கெட்டும் மலிவு.

எங்கள் பக்கத்திலிருந்து ரயிலில் போகிறவர்களுக்கு இதில் இன்னொரு லாபம் உண்டு. மட்டக்களப்பு ரயில் கோட்டையில் இறக்குகிறது, அதே ஸ்டேசனில் மேடை மாறிக் கல்கிசைப் பக்கம் போகிற ரயிலில் ஏறினால் ஓட்டோவே இல்லாமல் வெள்ளவத்தையில் போய் இறங்கலாம். காலையில் கூட்டமெல்லாம் கோட்டையை நோக்கித்தான் வரும், நீங்கள் அங்கிருந்து வெளியே போகிறீர்கள், அதனால் பொதிகளோடு ஏறுவது அவ்வளவு கஷ்டமில்லை. பின்னேரம் இது தலைகீழாக மாறும், அலுவலகம் விட்ட சனம் முழுக்கக் கோட்டையிலிருந்து வெளியே வரும், அந்த நேரத்தில் பெட்டி படுக்கையோடு அந்தப் பக்கம் ஏற நினைக்க வேண்டாம்.

தெஹிவளையில் வாடகை கொஞ்சம் இறங்கும், மிருகக்காட்சிச்சாலையும் கிட்ட. ஆனால் ஸ்டேசனிலிருந்து மிருகக்காட்சிச்சாலை நடக்கிற தூரம் என்று நினைத்துச் சின்னப் பிள்ளைகளை நடத்திக் கொண்டு போகாதீர்கள், அது உள்ளே தள்ளித்தான் இருக்கிறது, ஓட்டோ பிடியுங்கள். கொள்ளுப்பிட்டி நடுவில் இருக்கிறது, காலி முகத்திடலும் கிட்ட, 1877இல் திறந்த தேசிய அருங்காட்சியகமும் விகாரமகாதேவிப் பூங்காவும் அதிக தூரமில்லை, ஆனால் அங்கே குடும்பத்துக்கு ஏற்ற மலிவான ரூம் அருமையாகத்தான் கிடைக்கும். கறுவாத்தோட்டம் அழகான இடம், எங்கள் கைக்கு எட்டாது.

காலி வீதிக்கு மேலேயா, கடற்கரைப் பக்கமா?

வெள்ளவத்தையில் காலி வீதிக்கும் மரைன் டிரைவுக்கும் நடுவில் இருக்கிற குறுக்கு ஒழுங்கைகள்தான் நல்லது, இரண்டு பக்கமும் நடந்து போகலாம், சத்தமும் குறைவு. கடலைப் பார்த்த ரூம் என்று விளம்பரத்தில் போட்டுக் கூடக் காசு கேட்பார்கள். அதை எடுப்பதானால் கடலுக்கும் கட்டடத்துக்கும் நடுவில் ரயில் ஓடுகிறது என்பதை ஞாபகத்தில் வையுங்கள், விடியப்புறமே சத்தம் தொடங்கிவிடும்.

இன்னுமொன்று. பாசிக்குடாவில் இடுப்பளவு தண்ணீரில் பிள்ளைகளை விட்டுப் பழகிய நாங்கள், கடலுக்குப் பக்கத்தில் ரூம் என்றதும் குளிக்கிற நினைப்போடு போகிறோம். வெள்ளவத்தைக் கடல் பாறையும் அலையுமான கடல், பார்க்கத்தான், குளிக்க அல்ல. தென்மேல் பருவக்காற்று வீசுகிற மே முதல் செப்டெம்பர் வரைக்கும் மேற்குக் கரை முழுக்கக் கடல் கொந்தளிப்பாக இருக்கும், எங்கள் பக்கக் கடலோ அந்த மாதங்களில்தான் அமைதியாகக் கிடக்கும். கடல் குளிப்புக்காக யாரும் ஆகஸ்டில் கொழும்பில் கூடக் காசு கட்டித் தங்க வேண்டாம்.

புறக்கோட்டை, மருதானைப் பக்கம் லொட்ஜ் மலிவு என்கிறார்களே?

மலிவுதான், பொய்யில்லை. ஆம்பிளைகள் இரண்டு பேர் கடைக்குச் சாமான் எடுக்கப் போகிறார்கள், ஓரிரவு தலை சாய்க்க வேண்டும் என்றால் தாராளமாக எடுக்கலாம். கோட்டை ஸ்டேசன், மத்திய பஸ் நிலையம், பெஸ்டியன் மாவத்தை எல்லாம் கிட்ட, தாமரைக் கோபுரத்துக்கும் சிவப்புப் பள்ளிவாசலுக்கும் நடந்தே போய்விடலாம். ஆனால் குடும்பத்தோடு விடுமுறைக்குப் போகிறவர்களுக்கு அந்த இடத்தை நான் சொல்ல மாட்டேன். பகல் முழுக்க லொறியும் மூட்டை தூக்குகிற நாட்டாமைகளின் வண்டிலும் ஓடி அடங்கி, கடைகள் பூட்டியதும் தெருக்கள் வெறிச்சோடிப் போகும், இரவு எட்டு மணிக்குப் பிள்ளைக்கு ஒரு பால் பக்கெட் வாங்க வெளியே இறங்கவே யோசிப்பீர்கள். நிறைய ரூம்களுக்கு ஜன்னல் இருக்காது, இருந்தாலும் அடுத்த கட்டடத்தின் சுவரைத்தான் பார்க்கும்.

கொச்சிக்கடைக் கோயிலுக்குப் போகிறோம், கொட்டாஞ்சேனையில் தங்கலாமா?

கோயில்தான் முக்கியம் என்றால் தங்கலாம், தமிழ் ஆட்கள் நிறைந்த இடம், சாப்பாட்டுக்கும் குறைவில்லை. புனித அந்தோனியார் ஆலயமும் பொன்னம்பலவாணேசர் கோயிலும் அந்தப் பக்கம்தான். அந்தோனியார் ஆலயத்தில் செவ்வாய்க்கிழமை சனம் கூடுதலாக இருக்கும், ஜூன் 13 திருவிழா நாட்களில் ரூம் கிடைப்பதே கஷ்டம், முன்கூட்டியே சொல்லி வைக்க வேண்டும். மற்ற இடங்களையும் சுற்றிப் பார்ப்பதானால் வெள்ளவத்தையில் நின்றுகொண்டு ஒரு காலையில் கொச்சிக்கடைக்குப் போய் வருவது சுகம்.

நாங்கள் காத்தான்குடி. ஹலால் சாப்பாடும் பள்ளிவாசலும் கிட்ட இருக்க வேண்டும்.

அதற்காக மருதானை, தெமட்டகொடைக்குத்தான் போக வேண்டும் என்றில்லை. தெஹிவளையிலும் வெள்ளவத்தையிலும் பள்ளிவாசல்கள் இருக்கின்றன, ஹலால் கடைகளும் தாராளம். கல்முனை, சம்மாந்துறை, ஏறாவூர் ஆட்களுக்கும் தெஹிவளைதான் என் முதல் தெரிவு. நோன்பு காலத்தில் போவதானால் விடியுமுன் சஹருக்குச் சாப்பாடு எப்படி என்று ரூம் எடுக்குமுன் கேளுங்கள், சமையலறை உள்ள இடமாக எடுத்தால் அந்தக் கவலையே இல்லை.

இரவு பஸ் விடிய நாலரைக்குக் கொண்டுபோய் இறக்கிவிடுகிறது. ரூம் தருவது பிற்பகல் இரண்டு மணிக்காம். நடுவில் என்ன செய்வது?

எங்கள் பக்க ஆட்கள் யாவருக்கும் இருக்கிற பெரிய தலையிடி இது. ரூம் எடுக்கிறபோது ஒருவரும் இதை யோசிப்பதில்லை. 300 கிலோமீட்டருக்கு மேல் இருந்த இருப்பில் வந்து, தூக்கக் கலக்கத்தில் இருக்கிற பிள்ளையோடும் வயதான அம்மாவோடும் விடியப்புறம் தெருவில் நிற்பது விடுமுறையின் முதல் நாளையே கெடுத்துவிடும்.

வழிகள் சில இருக்கின்றன. சில லொட்ஜ்களில் 24 மணித்தியாலக் கணக்கு உண்டு, காலை ஐந்துக்கு உள்ளே போனால் அடுத்த நாள் காலை ஐந்து வரைக்கும் ஒரு நாள். இரவு பஸ்ஸில் போகிறவர்களுக்கு இதைப் போல வசதி வேறில்லை, ஃபோன் எடுத்ததும் முதலில் இதையே கேளுங்கள். அப்படி இல்லாத இடத்தில், முதல் நாள் இரவு ரூம் சும்மா கிடந்தால் விடியவே உள்ளே விடுவீர்களா, அதற்கு எவ்வளவு என்று கேளுங்கள். அரை நாள் காசுக்குச் சம்மதிக்கிறவர்கள் இருக்கிறார்கள். ஆனால் ஃபோனில் "வாங்க பார்ப்போம்" என்று சொன்னால் அதை வாக்குறுதியாக எடுக்காதீர்கள், வட்ஸ்அப்பில் நேரத்தையும் தொகையையும் எழுதி வாங்குங்கள்.

அதுவும் சரிவராவிட்டால் பொதிகளை மட்டும் ரூம்காரரிடம் வைத்துவிட்டு முகம் கழுவிக் காலைச் சாப்பாட்டை முடித்துக்கொண்டு வெளியே போகலாம். அப்படிப்பட்ட நாளில் மிருகக்காட்சிச்சாலைக்குப் போகாதீர்கள், நடந்தே களைத்துவிடுவீர்கள். விகாரமகாதேவிப் பூங்கா மாதிரி நிழலில் உட்காரக்கூடிய இடம் நல்லது.

இன்னொரு வழி, பகல் ரயிலில் போவது. காலையில் மட்டக்களப்பில் ஏறினால் பிற்பகலில் கோட்டை, நேரே ரூமுக்குப் போகலாம், இரவு முழுக்க நித்திரை கொண்டு அடுத்த நாள் புத்துணர்ச்சியோடு வெளிக்கிடலாம். ஒரு பகல் ரயிலில் போகிறதே என்று சிலர் கவலைப்படுவார்கள். இரவு பஸ்ஸில் போனாலும் அடுத்த நாள் பாதியைத் தூங்கித்தான் கழிக்கிறோம். ரயில் நேரங்கள் மாறும், 1919க்கு எடுத்தால் தமிழிலேயே கேட்டுக்கொள்ளலாம்.

லொட்ஜ் நல்லதா, நாள் வாடகைக்கு அப்பார்ட்மென்ட் எடுப்பது நல்லதா?

இரண்டு பேர் என்றால் லொட்ஜ் அல்லது கெஸ்ட் ஹவுஸ். நாலு பேருக்கு மேல் என்றால் அப்பார்ட்மென்ட், இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. வெள்ளவத்தையில் வெளிநாட்டிலிருந்து கலியாணத்துக்கும் கோயிலுக்கும் வருகிற குடும்பங்களுக்காகவே இரண்டு மூன்று ரூமும் குசினியும் உள்ள வீடுகளை நாள் கணக்கில் கொடுக்கிறார்கள். லொட்ஜில் ஆறு பேருக்கு மூன்று ரூம் எடுக்கிற காசுக்குள் அப்படியொரு வீடு அமைந்துவிடும். குசினி இருந்தால் காலையில் பாணும் முட்டையும், இரவில் ஒரு சோறு கறி, சின்னப் பிள்ளைக்குக் கஞ்சி என்று நாங்களே பார்த்துக்கொள்ளலாம். ஒரு நேரச் சாப்பாட்டைக் கடையில் குறைத்தாலே ஆறு பேருக்கு வருகிற மிச்சம் சின்னதில்லை. சந்தையும் கிட்டத்தான் இருக்கிறது.

ஆனால் சில விஷயங்களைக் கேட்டு வைக்க வேண்டும். கரண்ட் பில் வாடகைக்குள் அடங்குமா, ஏசி போட்டால் தனிக் கணக்கா? காஸ் சிலிண்டரில் காஸ் இருக்குமா, சட்டி பானை இருக்குமா? லிஃப்ட் வேலை செய்கிறதா? நாலாம் மாடிக்கு அம்மம்மாவைப் படியால் ஏற்ற முடியாது. அந்தக் கட்டடத்தின் நிர்வாகம் நாள் வாடகைக்குக் கொடுக்க அனுமதிக்கிறதா என்பதையும் கேளுங்கள், சில கட்டடங்களில் தடை செய்திருக்கிறார்கள், வாசலில் காவலாளி மறித்தால் நடுத் தெருவில் நிற்க வேண்டி வரும்.

எதுவானாலும் பெரியவர்கள் எல்லாரும் அடையாள அட்டையைக் கையில் கொண்டு போங்கள், பதிவு செய்யாமல் ரூம் தர மாட்டார்கள்.

இணையத்தில் புக் பண்ணுவதா, நேரே ஃபோன் எடுத்துப் பேசுவதா?

இரண்டும். புக்கிங் டொட் கொம், எயார்பிஎன்பி மாதிரியான இடங்களில் தேடி, விலையையும் வரைபடத்தையும் தங்கியவர்கள் எழுதியதையும் பாருங்கள். புகழ்ந்து எழுதியதை விட்டுவிட்டுக் குறைந்த புள்ளி கொடுத்தவர்கள் எழுதியதை, அதுவும் கடைசி ஆறு மாதத்தில் எழுதியதை வாசியுங்கள். ஒருவர் தண்ணீர் வரவில்லை என்றால் அது அன்றைக்கு நடந்ததாக இருக்கலாம், மூன்று பேர் அதையே சொன்னால் அந்த வீட்டுக் குழாயில் பிரச்சினை. கரப்பான், மூட்டைப்பூச்சி என்று ஒருவர் எழுதினாலும் நான் அந்தப் பக்கம் போக மாட்டேன்.

வரைபடத்தை வடிவாகப் பாருங்கள். "வெள்ளவத்தை" என்று தலைப்பில் போட்டுவிட்டு இடம் கிருலப்பனைப் பக்கம் இருக்கும், "கொழும்பு" என்று போட்டுவிட்டு மாலபேயில் இருக்கும். காலி வீதியிலிருந்து நடந்து எத்தனை நிமிடம் என்று மேப்பில் அளந்து, பத்து நிமிடத்துக்கு மேல் என்றால் விலை நல்லாக இறங்கினால் மட்டும் யோசியுங்கள்.

மறுகா அந்த இடத்தின் நம்பர் தனியாகக் கிடைத்தால் எடுத்துப் பேசுங்கள். இடைத்தரகுக் காசு இல்லாததால் நேரே பேசினால் குறைக்கிற வீட்டுக்காரர்கள் இருக்கிறார்கள், மூன்று நாலு இரவு நிற்கிறோம் என்றால் இன்னும் குறைப்பார்கள். ஹோட்டல்களில் உள்நாட்டவருக்கு வேறு விலை இருக்கலாம், கேட்காமல் சொல்ல மாட்டார்கள், வாய் திறந்து கேளுங்கள்.

அட்வான்ஸ் முழுக்கப் போடச் சொல்கிறார்கள். போடலாமா?

முழுக்கப் போடாதீர்கள். ஒரு இரவுக் காசு அட்வான்ஸ் கேட்பது நியாயம், பண்டிகை நாட்களில் அதை விடக் கொஞ்சம் கூடவும் கேட்கலாம். ஆனால் முகநூலில் அழகான படம், நம்ப முடியாத விலை, "இப்ப போடாட்டி வேற ஆளுக்குப் போயிரும்" என்ற அவசரம், இந்த மூன்றும் சேர்ந்து வந்தால் கையை எடுத்துவிடுங்கள். வீடியோ கோல் எடுத்து ரூமையும் வாசலையும் தெருவையும் காட்டச் சொல்லுங்கள். உண்மையான ஆள் இரண்டு நிமிடத்தில் காட்டிவிடுவார். வெள்ளவத்தையில் உறவினர் யாராவது இல்லாத குடும்பம் எங்கள் பக்கத்தில் குறைவு, ஒருவரை ஒருநடை போய்ப் பார்த்துவிட்டு வரச் சொல்வதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

சுற்றுலா அபிவிருத்தி அதிகார சபையில் பதிந்த இடமா என்றும் கேட்கலாம், பதிந்த இடத்தில் பிரச்சினை வந்தால் 1912க்கு முறையிடலாம்.

சொன்ன விலை ஒன்று, பில்லில் வந்த விலை ஒன்று. ஏன்?

ஹோட்டல்களில் சொல்கிற விலைக்கு மேல் 10 வீதம் சேவைக் கட்டணமும், 2024 ஜனவரியிலிருந்து 18 வீதமாக இருக்கிற வற் வரியும் சேரும். 10,000 ரூபா ரூமுக்கு முதலில் சேவைக் கட்டணம் சேர்த்து 11,000, அதற்கு மேல் வற் போட்டால் 12,980. வேறு சின்ன வரிகளும் வரலாம். அதனால் "எல்லாம் சேர்த்துக் கையில் எவ்வளவு கட்டணும்?" என்ற ஒரு கேள்வியைக் கேட்டுவிடுங்கள். சின்ன லொட்ஜ்களும் வீடுகளும் பெரும்பாலும் சொன்ன விலையைத்தான் எடுப்பார்கள்.

எந்த மாதத்தில் போனால் மலிவு?

ஆகஸ்டிலும் டிசம்பரிலும் வெளிநாட்டு உறவுகள் வந்து இறங்குவார்கள், வெள்ளவத்தை நிறைந்துவிடும், விலையும் ஏறும். எங்கள் பிள்ளைகளுக்கும் அப்போதுதான் லீவு, தப்ப வழியில்லை, ஒரு மாதம் முந்திச் சொல்லி வைப்பது ஒன்றுதான் செய்யக்கூடியது. கச்சான் காற்று அடித்து ஊர் காய்கிற ஆகஸ்டில் கொழும்பில் மழை தூறும், டிசம்பர் கடைசியில் எங்கள் ஊர் வெள்ளத்தில் நிற்க அங்கே வெயில் அடிக்கும், அதற்கேற்ற மாதிரி உடுப்பு எடுங்கள்.

சித்திரைப் புதுவருடத்துக்கு முன்பின் நாட்களில் கொழும்பில் வேலை செய்கிற சனம் ஊருக்குப் போய்விடும், ரோட்டில் நெருக்கடி இல்லை, ரூமும் இலகுவாகக் கிடைக்கும். ஆனால் கடைகள் பூட்டிக் கிடக்கும், அந்த நாட்களில் போனால் குசினி உள்ள வீடுதான் எடுக்க வேண்டும். வெசாக் பார்க்க ஆசைப்படுகிறவர்கள் கங்காராம, பேரை வாவிப் பக்கம் இரவில் எவ்வளவு சனம் என்பதை நினைத்து, நடந்து திரும்பக்கூடிய கொம்பனித் தெரு, கொள்ளுப்பிட்டிப் பக்கம் ரூம் தேடலாம். பெப்ரவரி 4 சுதந்திர தினத்தை ஒட்டி விழா நடக்கிற இடத்துப் பக்கம் ரோட்டுகள் மூடுவது வழமை, அந்தக் கிழமையைத் தவிர்த்துவிட்டால் நிம்மதி.

வேன் பிடித்துப் பதினாலு பேர் போகிறோம். எங்கே நிற்பது?

இது வேறு கணக்கு. வேனை விட இடம் இல்லாத வெள்ளவத்தை ஒழுங்கைக்குள் ரூம் எடுத்துவிட்டு இரவு பத்து மணிக்கு வேனை எங்கே விடுவது என்று அலைவதை விட, கொஞ்சம் வெளியே எடுப்பது நல்லது. பொத்துவில், அக்கரைப்பற்றுப் பக்கத்து வேன்கள் நிறைய இப்போது மொனராகலை, வெல்லவாய வழியாக அம்பாந்தோட்டைக்கு இறங்கித் தெற்கு அதிவேகப் பாதையில் வருகின்றன. 2020இல் அந்தப் பாதை அம்பாந்தோட்டை வரைக்கும் நீண்டதிலிருந்து இது சுகமான வழி. அது கொட்டாவையில் வெளியே விடும், அங்கிருந்து மஹரகம, நுகேகொடைப் பக்கம் முற்றத்தோடு முழு வீடு கிடைத்தால் எடுத்துவிடலாம், வேனும் உள்ளே நிற்கும். நகரத்துக்குள் போக வேனும் இருக்கிறது, 138 பஸ்ஸும் இருக்கிறது.

ட்ரைவர் எங்கே படுப்பார் என்று கேட்க மறக்காதீர்கள். இரவு முழுக்க வேனுக்குள் நுளம்புக் கடியில் கிடந்தவரை அடுத்த நாள் எட்டு மணித்தியாலம் ஓடச் சொல்வது உங்கள் எல்லாருடைய உயிரோடும் விளையாடுவது. அவருக்கு ஒரு கட்டில் உள்ள இடமாகவே எடுங்கள்.

அம்மாவுக்குக் கிளினிக்கும் இருக்கிறது, பாஸ்போர்ட் அலுவலும் இருக்கிறது, அப்படியே சுற்றிப் பார்க்கவும் ஆசை.

எங்கள் பக்கத்தில் பாதிப் பயணம் இப்படித்தான் அமைகிறது. அலுவல் நாளையும் சுற்றுகிற நாளையும் பிரித்துவிடுங்கள். மஹரகம அபேக்‌ஷா வைத்தியசாலை என்றால் அந்த இரவுகளுக்கு மஹரகமவிலேயே நில்லுங்கள், நோயாளியைக் காலை நெருக்கடியில் நகரத்துக்குக் குறுக்கே கொண்டு போவது பாவம். தேசிய வைத்தியசாலை, சீமாட்டி ரிட்ஜ்வே சிறுவர் வைத்தியசாலை என்றால் மருதானை, பொரளைப் பக்கம். பாஸ்போர்ட் அலுவலகம் பத்தரமுல்லையில், அதற்காக அங்கே ரூம் எடுக்கத் தேவையில்லை, விடிய வெளிக்கிட்டால் சரி. அலுவல் முடிந்ததும் மிச்ச நாட்களுக்கு வெள்ளவத்தைக்கு மாறலாம். ஒரே ரூமில் கடைசி வரைக்கும் நின்றாக வேண்டும் என்று சட்டமில்லை.

அக்கா, நாங்கள் பொம்பிளைப் பிள்ளைகள் மூன்று பேர் மட்டும் போகிறோம். வீட்டில் பயப்படுகிறார்கள்.

தாராளமாகப் போங்கள். காலி வீதியிலிருந்து நாலைந்து நிமிட நடையில், இரவு ஒன்பது மணிக்கும் கடை திறந்திருக்கிற தெருவாக எடுங்கள். வீட்டுக்காரர் குடும்பம் கீழ் மாடியில் இருக்க மேலே ரூம் கொடுக்கிற இடங்கள் மிக நல்லவை. வீட்டுக்கார அம்மாவோடு ஒருதரம் ஃபோனில் உங்கள் அம்மாவைப் பேசவிட்டால் வீட்டுப் பயமும் பாதி குறையும். உள்ளே போனதும் கதவின் உள் தாழ்ப்பாளைப் பாருங்கள், சரியில்லை என்றால் வேறு ரூம் கேளுங்கள், கூச்சப்பட வேண்டாம். ஓட்டோவைத் தெருவில் மறிக்காமல் பிக்மீ, ஊபரில் எடுத்தால் விலையும் தெரியும், வண்டி நம்பரும் வீட்டுக்கு அனுப்பலாம்.

சொந்தக்காரர் வீட்டில் நிற்காமல் ரூம் எடுத்தால் கோபிப்பார்களே?

கோபிப்பார்கள்தான். ஆனால் கொழும்பில் அவர்கள் இருப்பது அனேகமாக இரண்டு ரூம் வீடு, காலையில் எல்லாரும் வேலைக்கும் பள்ளிக்கும் ஓட வேண்டும், ஒரு பாத்ரூமுக்கு எட்டுப் பேர் வரிசை. நாலு நாள் போய் நின்றால் அவர்களுக்கும் கஷ்டம், உங்களுக்கும் வெளியே போய் வரக் கூச்சம். கிட்டவே ரூம் எடுத்துவிட்டு ஒரு நாள் இரவுச் சாப்பாட்டுக்குப் போங்கள். போகும்போது வாவி இறாலோ கட்டித் தயிரோ ஊரிலிருந்து கொண்டு போனால் கோபமெல்லாம் வாசலிலேயே முடிந்துவிடும்.

ரூமுக்குள் போனதும் என்ன பார்க்க வேண்டும்?

பொதியை இறக்குமுன் தண்ணீரைத் திறந்து பாருங்கள், ஏசியைப் போட்டுப் பாருங்கள், மெத்தை விளிம்பைத் தூக்கி மூட்டைப்பூச்சி இருக்கிறதா என்று பாருங்கள். ஜன்னலுக்கு வலை இருக்கிறதா? கொழும்பில் டெங்கு எப்போதும் உண்டு, நுளம்புச் சுருளையும் மேலுக்குப் பூசுகிற மருந்தையும் ஊரிலிருந்தே கொண்டு போங்கள். உடைந்த சாமான் எதுவும் இருந்தால் அப்போதே படம் எடுத்து வீட்டுக்காரருக்கு அனுப்பிவிடுங்கள், போகிறபோது உங்கள் தலையில் கட்ட மாட்டார்கள்.

கடைசி நாள் காலை பதினொன்றுக்கு ரூமை விட வேண்டும், பஸ் இரவில்தான். பிள்ளைகளோடு பகல் முழுக்க எங்கே அலைவது?

இரண்டு ரூம் எடுத்திருந்தால் ஒன்றை மட்டும் விட்டுவிட்டு மற்றதைப் பின்னேரம் வரைக்கும் அரைநாள் காசுக்குக் கேளுங்கள். ஒரு ரூம்தான் என்றால் பொதிகளை வரவேற்பில் வைத்துவிட்டு, கடைத்தெரு, கோயில் என்று கிட்ட இருக்கிற அலுவல்களை அந்த நாளுக்கு ஒதுக்குங்கள், தூர இடங்களை முதல் நாட்களிலேயே முடித்துவிடுங்கள். ரயிலில் போகிறவர்களுக்குக் கோட்டை ஸ்டேசனில் பொதி வைக்கிற இடம் இருக்கிறது. பஸ் சீட் பதிகிறபோது எங்கே நின்று ஏறலாம் என்று கேளுங்கள், வெள்ளவத்தையிலேயே ஏற்றுகிற பஸ் கிடைத்தால் பொதிகளோடு புறக்கோட்டைக்குப் போகிற பாடு மிச்சம். பஸ் ஏறுமுன் பிள்ளைகளைக் குளிப்பாட்டி உடுப்பு மாற்ற ஒரு பாத்ரூம் தருவீர்களா என்பதை ரூம் பேசுகிற முதல் நாளே கேட்டு வையுங்கள், பல இடங்களில் காசில்லாமலே தருகிறார்கள்.